ஸ்பீக்கருக்கும் தேவை காலக்கெடு
இணையத்தோடு இணையும் ஸ்பீக்கர்களுக்கு எத்தனை ஆண்டுகள் பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும் என்பதை விற்கும்போதே சொல்வது சட்டக் கடமையாக்கப்பட வேண்டும். போஸ் நிறுவனம் தன் சவுண்ட்டச் கருவிகளுக்கான கிளவுட் சேவையையும் அப்டேட்டுகளையும் 2026 பிப்ரவரியில் நிறுத்துவதாக 2025 அக்டோபரில் அறிவித்தது. வாடிக்கையாளர்கள் கொதித்த பிறகே கெடுவை மே மாதத்துக்குத் தள்ளிவைத்தது. 2020இல் மற்றொரு ஸ்பீக்கர் நிறுவனமான சோனோஸும் எதிர்ப்புக்குப் பணிந்துதான் பழைய கருவிகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தொடரும் என்றது. பாட்டு நின்றுபோவது மட்டுமல்ல சிக்கல். அப்டேட் நின்றுபோன ஸ்பீக்கர் வைஃபையை விட்டு வெளியேறுவதில்லை. வங்கிக் கணக்கைத் திறக்கும் கைபேசியோடு அதே ரௌட்டரில்தான் இருக்கும். ஆப்பிளின் ஏர்பிளே மென்பொருளில் கண்டறியப்பட்டு 2025இல் வெளியான ஓட்டைகள், அதே வைஃபையில் நுழைந்தவர் பிற நிறுவனங்களின் ஸ்பீக்கர்களைக் கைப்பற்ற வழிவிட்டன. ஆப்பிள் திருத்தம் தந்தாலும், அதை வீடுவரை கொண்டுசேர்ப்பது அந்தந்தத் தயாரிப்பாளரின் கையில். அவர் கைவிட்டால் ஓட்டை அப்படியே கிடக்கும். பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல் அப்டேட் காலத்தை அறிவிப்பது கட்டாயம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 டிசம்பர் முதல் பொதுவாக 5 ஆண்டு ஆதரவேனும் தர வேண்டும். பேணினால் 20 ஆண்டு பாடும் கருவிக்கு அதுவும் குறைவே. இந்தியாவில் விற்கும் ஒவ்வொரு பெட்டியிலும் அப்டேட் முடியும் தேதி அச்சிடப்பட வேண்டும். கிளவுட் இன்றி இயங்க வழிசெய்த பிறகே எந்த நிறுவனமும் ஆதரவை நிறுத்த வேண்டும். மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் இதைத் தாமதமின்றி விதியாக்க வேண்டும்.