‘தெரியாது’ என்ற ஒரு சொல்

நட்பைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நம்மவர் நாவில் முதலில் வந்து நிற்பவன் கர்ணன். அவனுக்கு அடுத்து குகன் வருவான், பிசிராந்தையார் வருவார். பட்டிமன்ற மேடைகளில் இவர்களைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வள்ளுவரும் நட்பையும் அதன் வகைகளையும் பற்றி ஐந்து அதிகாரங்கள் அடுத்தடுத்து வைத்திருக்கிறார். அவற்றுள் ‘பழைமை’ என்ற அதிகாரம் நெடுநாள் நண்பர் செய்யும் பிழையைப் பொறுத்துக்கொள்வது பற்றியது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு கேள்வி எழும்: பிழை செய்பவர் யார், பொறுத்துக்கொள்பவர் யார்? இருவரும் முறை மாற்றிக்கொள்வது உண்டா?

இக்கேள்வியோடுதான் பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ என்னும் நாவலைக் கையில் எடுத்தேன். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த நாவல் அது. வ. கீதாவின் மொழிபெயர்ப்பில் 2004இல் ஆங்கிலத்திலும் வந்தது. ஆசிரியர் நம்முடையதைப் போன்ற அரசு கலைக் கல்லூரிகளில் தமிழ் கற்பித்தவர் என்பதை நண்பர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன்.

கதையில் இரு சிறுவர்கள். கூளையன் சக்கிலியர் வீட்டுப் பிள்ளை, கவுண்டர் பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் ஆள். செல்வன் அந்தக் கவுண்டரின் மகன், பள்ளிக்கூடம் போகிறவன். ஒருவனுக்குக் கூலி, அதையும் பெற்றோரே வாங்கிக்கொள்வார்கள். மற்றவனுக்குப் புத்தகப்பை. ஆயினும் வெட்டவெளியில், ஆட்டுப் பட்டியில், பனைமர நிழலில் அவர்கள் சிறுவர்கள்தாம். சேர்ந்து சிரிக்கிறார்கள், சேர்ந்தே சுற்றுகிறார்கள். அந்த மேட்டுக்காட்டின் வெயிலையும் ஆட்டு வாடையையும் ஆசிரியர் எழுதியிருக்கும் விதத்தைப் பாராட்டத் தனிக் கட்டுரைதான் வேண்டும். நான் சொல்ல வந்தது வேறு. கூளையன் திருடினான் என்று தலைகீழாகக் கிணற்றுக்குள் தொங்கவிடப்படும் இடம் ஒன்று உண்டு. அதைப் படித்துவிட்டு அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. நட்பு என்று அதுவரை நாம் நம்பிக்கொண்டிருந்தது எத்தனை மெல்லிய கயிறு என்பது அங்கே விளங்கிவிடுகிறது. கதை அமைதியாக முடியவில்லை. முடிவை இங்கே சொல்லிப் படிப்பவரின் உரிமையைப் பறிக்க மாட்டேன்.

இதை வாசித்த கையோடு, ஆசிரியர் ஒருவர் சொன்னதன்பேரில் காலித் ஹுசைனியின் நாவலையும் படித்தேன். 2003இல் ஆங்கிலத்தில் வெளியாகி உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் படித்தது. தமிழில் ‘பட்ட விரட்டி’ என்ற பெயரில் வந்திருக்கிறது. காபூல் நகரத்துச் செல்வர் வீட்டுப் பிள்ளை அமீர், பஷ்தூன் இனத்தவன். அவ்வீட்டு வேலைக்காரரின் மகன் ஹசன், ஹசாரா இனத்தவன். பட்டம் விடுவதில் இணைபிரியாதவர்கள். 1975ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், அமீருக்காக அறுந்த பட்டத்தைத் துரத்திப் பிடித்த ஹசன் ஒரு சந்தில் கொடுமைக்கு ஆளாகிறான். அமீர் மறைந்து நின்று பார்க்கிறான், வாய் திறக்கவில்லை. அதைவிடக் கொடியது பின்னால் நடக்கிறது. தன் குற்ற உணர்வைத் தாங்க மாட்டாமல், கைக்கடிகாரத்தையும் பணத்தையும் ஹசனின் படுக்கைக்கு அடியில் வைத்துவிட்டு அவனைத் திருடன் ஆக்குகிறான். ஹசனோ எடுத்தது தான்தான் என்று ஒப்புக்கொண்டு நண்பனைக் காப்பாற்றுகிறான்.

படித்தவர்கள் எல்லாரும் கண்ணீர் விடுவது இந்த இடத்தில்தான். நானும் விட்டேன். ஆனால் மறுநாள் யோசித்துப் பார்த்தபோது எரிச்சல் வந்தது. ஏன் எப்போதும் ஏழைப் பிள்ளையே விசுவாசமாக இருக்க வேண்டும்? கவனித்துப் பாருங்கள், ‘விசுவாசம்’ என்ற சொல்லை நாம் முதலாளிக்குச் சொல்வதில்லை. வேலைக்காரனுக்குச் சொல்கிறோம், வீட்டு நாய்க்குச் சொல்கிறோம். மேலே இருப்பவன் கொஞ்சம் அன்பு காட்டினால் அது பெருந்தன்மை. கீழே இருப்பவன் உயிரையே கொடுத்தாலும் அது கடமை. கர்ணன் கதையே அப்படித்தானே! நாடு கொடுத்தவன் ஒருவன், உயிர் கொடுத்தவன் மற்றொருவன்.

ஹசன் நமக்கு எட்டாத உயரத்தில் நல்லவன். கதையைச் சொல்பவன் அமீர் ஆதலால், ஹசன் மனத்தில் கோபம் இருந்ததா என்பது கடைசிவரை நமக்குத் தெரிவதில்லை. பெருமாள்முருகனோ கூளையனின் அருகிலேயே நின்று எழுதுகிறார். அவனுக்குப் பசி உண்டு, ஆசை உண்டு, கோபமும் உண்டு. அவன் தெய்வப் பிறவி அல்லன். இவ்வொரு காரணத்தாலேயே இரண்டினுள் ‘கூளமாதாரி’யை நான் உயர்ந்ததாக வைப்பேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல்லாண்டு கழித்து 2001இல், ஹசனின் அநாதை மகனை மீட்க அமீர் காபூலுக்குப் போகிறான். முதலில் தயங்குகிறான், ஹசன் தன் தந்தைக்கே பிறந்தவன், தன் தம்பி என்று தெரிந்த பிறகே புறப்படுகிறான். அப்படியானால் நண்பன் என்பது போதவில்லை, இரத்தம் வேண்டியிருந்தது. தம்பியாக இல்லாமலிருந்தால் போயிருப்பானா? நாவலாசிரியர் இக்கேள்வியைச் சற்று எளிதாகவே கடந்துவிட்டார் என்பது என் துணிபு.

இனவெறுப்பும் சாதியும் ஒன்றாகுமா என்று வகுப்பில் ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஹசாரா மக்களை அவர்களது முக அமைப்பே காட்டிக் கொடுத்துவிடும். 1998 ஆகஸ்டில் மசார்-இ-ஷெரிப் நகரில் தாலிபான்கள் வீடுவீடாகத் தேடிச் சென்று அவர்களைக் கொன்றார்கள். நம்மிடையே முகத்தில் எதுவும் எழுதியிருப்பதில்லை. ஆகவே நாம் முகத்தைப் பார்ப்பதில்லை, முகவரியைக் கேட்கிறோம். “எந்தப் பக்கம் தம்பி வீடு?” என்று மிக அன்பாகக் கேட்கிறோம். ஊர் என்றால் ஒரு குரல், காலனி என்றால் இன்னொரு குரல். ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகத் தமிழ்நாட்டு முதலமைச்சர் 2025 ஏப்ரலில் சட்டப்பேரவையில் அறிவித்தார். நல்லது. கேட்கும் குரலை எந்த ஆவணத்திலிருந்து நீக்குவது என்றுதான் தெரியவில்லை.

இதையெல்லாம் மேடைப் பேச்சாகச் சொல்லி முடித்துவிட எனக்குத் தகுதியில்லை. ஏழாம் வகுப்புவரை எனக்கு ஒரு தோழன் இருந்தான், காலனிப் பையன். ஏரிக்கரையில் நுங்கு வண்டி ஓட்டியதும், வாய்க்காலில் கெளுத்தி பிடித்துக் கையில் முள் குத்திக்கொண்டதும் அவனோடுதான். எங்கள் வீட்டுத் திண்ணைவரை வருவான். என் ஆயா அவனுக்கென்று ஓர் அலுமினியத் தம்ளர் வைத்திருந்தார். அது ஏன் மாடத்தில் தனியாக இருக்கிறது என்று நான் கேட்டதில்லை, அவனும் கேட்டதில்லை. இருவருக்கும் தெரியும்.

அவ்வாண்டு அம்மன் தேர்த் திருவிழாவில் அவன் என் பக்கத்தில் நின்று வடத்தில் கை வைத்துவிட்டான். பெரியப்பா முறை உள்ள ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, “யாருடா இந்தப் பையன்? உன்கூட வந்தவனா?” என்று என்னைக் கேட்டார்.

“தெரியாது பெரியப்பா” என்றேன்.

அடி விழவில்லை. கிணற்றில் தொங்கவிடவும் இல்லை. தோளைப் பிடித்துத் தள்ளினார்கள், அவ்வளவுதான். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தானா என்பதுகூட எனக்குத் தெரியாது. நான் தேரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அமீராவது மறைந்து நின்றான். நான் பக்கத்திலேயே நின்றேன்.

சென்ற மாதம் தவளக்குப்பம் பேருந்து நிறுத்தத்தில் அவனைப் பார்த்தேன். கடலூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலைக்குப் போகிறானாம். “நல்லா இருக்கியாடா? காலேஜா?” என்று அவனே கேட்டான். என் பையில் நூலகத்திலிருந்து எடுத்த ‘கூளமாதாரி’ இருந்தது. எடுத்துக் கொடுக்கலாமா என்று கை போயிற்று. படித்தால் என்ன நினைப்பான், கொடுத்தால் அதற்கு என்ன பொருள் என்று எண்ணிக்கொண்டு நிற்கையில் கடலூர் வண்டி வந்துவிட்டது. “வரேன்டா” என்று ஏறிக்கொண்டான். அந்தத் தேரைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

புத்தகத்தை இன்னும் நூலகத்தில் திருப்பித் தரவில்லை. நாளொன்றுக்கு அபராதம் ஏறிக்கொண்டிருக்கிறது.