தீர்ப்பு சொல்ல ஆயிரம் பேர்

"வீட்டு விஷயத்தை வெளியாள்கிட்ட சொல்றதா? மானம் போயிடும்!" பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களில் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அதே வீட்டு விஷயம் மாம்பலம் பெரியம்மாவில் ஆரம்பித்து மதுரைச் சித்தப்பா வரைக்கும் தினமும் போனில் ஒலிபரப்பாகிறது. அப்போதெல்லாம் போகாத மானம், படித்த ஆலோசகர் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் போய்விடுமாம் :-)

பெரியவர்கள் பஞ்சாயத்து போதாதா என்பார்கள். பஞ்சாயத்தில் ஒருத்தர் ஜெயிக்கணும், ஒருத்தர் தோற்கணும். தோற்றவர் மறுநாள் அதே சமையலறையில்தான் காபி போடணும். குடும்ப சிகிச்சையில் தீர்ப்பே கிடையாது. "யார் மேல தப்பு?" என்று கேட்க மாட்டார்கள். "ஒருத்தர் இப்படிச் செய்தால் அடுத்தவர் என்ன செய்கிறார்?" என்றுதான் கேட்பார்கள்.

ஊரிலிருந்து வந்த மாமியார், மருமகளிடம் சொல்ல வேண்டியதை மகனிடம் சொல்கிறார். மருமகளும் பதிலை அவனிடமே சொல்கிறாள். அவன் ஆபீசிலேயே லேட்டாக உட்கார்ந்துகொள்கிறான். இந்த மாதிரி முக்கோணங்களைத்தான் அமெரிக்க மனநல மருத்துவர் முர்ரே போவன் விளக்கினார். சிகிச்சையில் மகனைத் தபால்காரன் வேலையிலிருந்து விடுவித்து, மற்ற இருவரையும் நேராகப் பேச வைப்பார்கள். ஒருத்தர் பேசும்போது அடுத்தவர் குறுக்கிடக் கூடாது. கேட்டதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லணும். சின்ன விஷயம்தான். நம் வீடுகளில் எத்தனை பேர் செய்கிறோம்?

"இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம்" என்பவர்களுக்கு: 1950களிலேயே அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளோடு குடும்பத்தாரையும் கூடாரத்தில் தங்க வைத்து சிகிச்சை கொடுத்தார். இங்கே ஓசூர் ரோடு நிம்ஹான்ஸில் குடும்பங்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

ஒன்றைக் கறாராகச் சொல்லணும். அடியும் மிரட்டலும் இருக்கிற வீட்டில் "சேர்ந்து உட்கார்ந்து பேசுங்க" என்பது அயோக்கியத்தனம். அங்கே முதலில் பாதுகாப்பு. பெண்களுக்கு 2005-ம் வருஷக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது.

இன்னொன்று, மொழி. ஆங்கிலத்திலேயே பேச்சு ஓடினால் அம்மா வெறும் பார்வையாளர் ஆகிவிடுவார். தமிழ் தெரிந்த ஆலோசகர் வேண்டும் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், 2022-ல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸுக்கு 14416-ல் கூப்பிடுங்கள். தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.

விவாகரத்து வக்கீலும் வெளியாள்தான். அவரிடம் போவதற்கு முன்னால் இந்த வெளியாளிடம் ஒருமுறை போய்ப் பாருங்கள்.