யாரை வாங்கலாம்? எங்கே தேடினீர்கள்?

சீசன் தொடங்குமுன் சென்னையின் எஃப்.சி. ரசிகர்களிடையே ஒரே வாதம்: எந்த வெளிநாட்டு ஸ்ட்ரைக்கரை வாங்குவது? 2021-22 முதல் ஐ.எஸ்.எல். களத்தில் ஒரு அணிக்கு நான்கு வெளிநாட்டவர்தான். மீதி ஏழு இடங்களைப் பற்றி யார் பேசுவது தோழர்களே?

வியாசர்பாடியின் தனபால் கணேஷ் 2018 அரையிறுதியில் கோவாவுக்கு எதிராகக் கோல் அடித்தார், கோப்பையும் வந்தது. குமரிக் கடலோரத்து இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ் அதே ஆண்டு ஜாம்ஷெட்பூர் அணிக்குப் போனார். சென்னைக்காரர் நந்தகுமார் சேகர் 2023 டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக அடித்த ஒற்றை கோலில் ஈஸ்ட் பெங்கால் வென்றது. நம் பிள்ளைகளின் அருமை ஊரானுக்குத் தெரிகிறது.

“திறமை இருந்தால் தானாக மேலே வரலாமே” என்கிறார்கள். இட ஒதுக்கீட்டை எதிர்ப்பவர்கள் சொல்லும் அதே வசனம். வியாசர்பாடியில் குடிசைப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தர அந்தப் பகுதி மனிதர்களே முன்வந்தார்கள். அதனால்தான் திறமை வெளியே தெரிந்தது. தானாக எதுவும் வரவில்லை.

தூத்துக்குடி உப்பளத் தொழிலாளியின் பிள்ளையும் பந்து உதைக்கிறான். அவனைப் பார்க்க யார் வருகிறார்கள்? அடுத்த முறை வாங்கும் பட்டியலை அலசும்போது, எந்தெந்த ஊருக்குப் போய்த் தேடினீர்கள் என்றும் கிளப்பைக் கேளுங்கள்.