கொராய்ட் ஐரிஷ் விழா: பச்சைத் தொப்பியைத் தாண்டி நினைவில் வைக்க வேண்டியது என்ன?

ஏப்ரல் முடிந்து மே தொடங்கும் நேரம். ஆஸ்திரேலியாவில் அது இலையுதிர் காலம். அப்போது ஒரு வார இறுதியில் விக்டோரியா மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் கொராய்ட் என்ற சின்ன ஊர், பச்சை நிறத்துக்கு மாறிவிடும். ஊரின் மக்கள்தொகை சுமார் 2,000தான். மெல்போர்னிலிருந்து காரில் போனால் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆனாலும் கூட்டம் வருகிறது. காரணம், கொராய்ட் ஐரிஷ் விழா.

அயர்லாந்து இருப்பது உலகத்தின் அந்தக் கோடியில். ஆஸ்திரேலியா இந்தக் கோடியில். அப்புறம் எப்படி ஒரு விவசாய ஊர் 'நாங்க ஐரிஷ்' என்று கொண்டாடுகிறது? அந்தக் கொண்டாட்டம் உண்மையானதா, வெறும் டூரிஸ்ட் ஷோவா? இன்னொரு முக்கியமான கேள்வியும் இருக்கிறது: அந்தக் கொண்டாட்டத்தில் விட்டுப்போவது எது?

என்னதான் நடக்கும்?

தெருவில் ஊர்வலம், பப்களில் ஃபிடில் இசை, குழந்தைகளின் ஐரிஷ் நடனம், உருளைக்கிழங்கை வைத்துப் போட்டிகள். இவற்றோடு 'டேனி பாய்' பாட்டை யார் நன்றாகப் பாடுகிறார்கள் என்று ஒரு போட்டியும் உண்டு. ஒரே பாட்டை ஒருவர் மாற்றி ஒருவர் பாடுவார்கள், கூட்டம் உட்கார்ந்து கேட்கும்.

உருளைக்கிழங்கு சும்மா காமெடிக்காக வைத்தது இல்லை. ஊருக்குப் பக்கத்திலேயே டவர் ஹில் என்ற பழைய எரிமலை இருக்கிறது. அது கக்கிய சாம்பலால் அந்தப் பகுதி மண் அவ்வளவு வளம். 19-ம் நூற்றாண்டில் அங்கே வந்த ஐரிஷ் குடும்பங்கள் அந்த மண்ணில் உருளைக்கிழங்கும் வெங்காயமும் போட்டுத்தான் காலூன்றின.

ஐரிஷ்காரர்கள் அங்கே எப்படி?

முதலில் வந்தவர்கள் விரும்பி வரவில்லை. பிரிட்டிஷ் அரசு கைதிகளைக் கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிய காலத்தில், அயர்லாந்திலிருந்து நேரடியாக அனுப்பப்பட்டவர்கள் மட்டும் சுமார் 40,000 பேர்.

அடுத்தது பஞ்சம். 1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. அடுத்த சில ஆண்டுகளில் சுமார் 10 லட்சம் பேர் பசியிலும் நோயிலும் இறந்தார்கள். ஏறக்குறைய அதே அளவு மக்கள் நாட்டை விட்டே கிளம்பினார்கள். வாடகை கட்ட முடியாத குத்தகை விவசாயிகளை வீட்டை இடித்து வெளியேற்றிய நிலக்கிழார்களும் உண்டு. 1848 முதல் 1850 வரை, ஏழை விடுதிகளில் இருந்த 4,000-க்கும் மேற்பட்ட இளம்பெண்களை அரசே கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியது.

கொராய்ட் பகுதியின் கதை இன்னும் சுவாரஸ்யம். 1843-ல் அயர்லாந்தில் பிறந்த வில்லியம் ரட்லெட்ஜ் என்ற வியாபாரி, இந்தப் பக்கத்தில் 5,120 ஏக்கரை ஏக்கருக்கு ஒரு பவுண்டு என்ற கணக்கில் அரசிடம் வாங்கினார். அதைத் துண்டுபோட்டு ஐரிஷ் விவசாயிகளுக்குக் குத்தகைக்கு விட்டார். பக்கத்து ஊர் ஒன்றின் பெயர் கில்லார்னி. இன்னொரு ஊரான போர்ட் ஃபேரிக்கு 1887 வரை பெல்ஃபாஸ்ட் என்றுதான் பெயர். விட்டு வந்த ஊரின் பெயரை எடுத்து வந்து புது ஊருக்கு வைத்துக்கொண்டார்கள்.

அவமானமாக இருந்த அடையாளம்

இன்றைக்கு ஐரிஷ் என்றால் ஜாலி, பாட்டு, பீர் என்ற இமேஜ். அன்றைக்கு அப்படி இல்லை. ஆஸ்திரேலியப் பத்திரிகைகளில் 'ஐரிஷ்காரர்கள் விண்ணப்பிக்க வேண்டாம்' என்ற வரியோடு வேலை விளம்பரங்கள் வந்தன. 1868-ல் சிட்னியில் இளவரசர் ஆல்ஃபிரட்டை ஐரிஷ்காரர் ஒருவர் சுட்டார். இளவரசர் பிழைத்துக்கொண்டார். ஆனால், பழி மொத்த ஐரிஷ் சமூகத்தின் மேல் விழுந்தது. முதல் உலகப் போரின்போது கட்டாய ராணுவச் சேவை குறித்து 1916, 1917-ல் இரண்டு வாக்கெடுப்புகள் நடந்தன. அதை எதிர்த்துப் பேசிய மெல்போர்ன் பேராயர் டேனியல் மேனிக்ஸ் ஐரிஷ்காரர் என்பதால், ஐரிஷ் கத்தோலிக்கர்களின் தேசப்பற்றையே கேள்வி கேட்டார்கள்.

இந்தப் பின்னணி தெரிந்தால் தெருவில் பச்சைத் தொப்பி போட்டு நடப்பதன் அர்த்தம் மாறும். தாத்தா மறைக்க வேண்டியிருந்ததைப் பேரன் தலையில் வைத்துக்கொண்டு நடக்கிறான். அதை வெறும் கூத்து என்று ஒதுக்கிவிட முடியாது.

எண்ணிக்கையும் இதைச் சொல்கிறது. 2021 கணக்கெடுப்பில் தங்கள் வம்சாவளி ஐரிஷ் என்று குறிப்பிட்ட ஆஸ்திரேலியர்கள் சுமார் 24 லட்சம், அதாவது 9.5 சதவீதம். அயர்லாந்தில் பிறந்து அங்கே வாழ்பவர்கள் சுமார் 80,000 பேர்தான். மிச்சம் எல்லோரும் பல தலைமுறைக்கு முந்தைய ஒரு கப்பலை இன்னும் மறக்காதவர்கள்.

'இதெல்லாம் அசல் இல்லையே?'

இப்படிப்பட்ட விழாக்களைப் பற்றி அடிக்கடி வரும் விமர்சனம் இது. ஐந்து தலைமுறை தாண்டிய பிறகு என்ன ஐரிஷ், அயர்லாந்துக்கே போகாதவர்களுக்கு எதற்கு இந்த வேஷம் என்று கேட்பார்கள்.

சரி, அசல் என்று சொல்லப்படுவதையே கொஞ்சம் பார்ப்போம். உருளைக்கிழங்கு தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பயிர். அயர்லாந்தின் புனிதர் பேட்ரிக், பிரிட்டனில் பிறந்து அடிமையாகப் பிடித்துச் செல்லப்பட்டவர். 'டேனி பாய்' பாட்டின் மெட்டு வட அயர்லாந்துப் பகுதியில் சேகரிக்கப்பட்டு 1855-ல் அச்சானது. ஆனால், அதற்கு 1913-ல் வெளியான வரிகளை எழுதியவர் ஃப்ரெடரிக் வெதர்லி என்ற இங்கிலாந்து வழக்கறிஞர்.

அதாவது, அயர்லாந்திலேயே 'அசல் ஐரிஷ்' என்று தனியாகப் பிரித்தெடுக்க முடியாது. பாரம்பரியம் ரத்தத்தில் தானாக ஓடி வருவதில்லை. யாரோ உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும், இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். கொராய்டில் 'லேக் ஸ்கூல்' என்ற பெயரில் கோடை விடுமுறையில் கெல்டிக் இசைப் பயிற்சி முகாமும் பல ஆண்டுகள் நடந்திருக்கிறது. அங்கே ஃபிடில் கற்றுக்கொண்ட ஒரு பதின்வயதுப் பிள்ளையிடம் போய் 'நீ போலி' என்று சொல்வதற்கு யாருக்கும் உரிமை இல்லை.

ஆக, விழா போலி என்ற வாதம் நிற்காது. அதில் குறை ஒன்று இருக்கிறதென்றால், அது வேறு இடத்தில் இருக்கிறது.

அந்த மண் யாருடையது?

கொராய்ட் என்பது ஐரிஷ் பெயர் அல்ல. டவர் ஹில்லைச் சுற்றி வாழ்ந்த கொராய்ட்குண்டிஜ் என்ற பூர்வகுடி மக்களின் பெயரிலிருந்து வந்தது. ஐரிஷ் விழாவின் பேனரில் பெரிய எழுத்தில் இருக்கும் முதல் சொல்லே அவர்களுடையதுதான்.

அவர்கள் அங்கே எவ்வளவு காலமாக இருந்தார்கள்? 1940-களில் டவர் ஹில் அருகே எரிமலைச் சாம்பலுக்குக் கீழே ஒரு கல் கோடரி கிடைத்தது. 2020-ல் வெளியான ஆய்வு, அந்த எரிமலை வெடித்தது சுமார் 37,000 ஆண்டுகளுக்கு முன் என்று கணித்தது. கோடரி சாம்பலுக்கு அடியில் இருந்ததால், வெடிப்பதற்கு முன்பே அங்கே மனிதர்கள் இருந்திருக்கிறார்கள் என்றாகிறது. உருளைக்கிழங்குக்கு உரமான அந்தச் சாம்பல் விழுவதற்கும் முன்னால்.

ரட்லெட்ஜ் ஏக்கருக்கு ஒரு பவுண்டு கொடுத்தது அரசாங்கத்துக்கு. அந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களுக்கு அல்ல. அதே 1840-களில் அந்த வட்டாரத்தில் குண்டிட்ஜ்மாரா மக்களுக்கும் குடியேறியவர்களுக்கும் இடையே பல ஆண்டுகள் மோதல் நடந்தது. அதை இன்று 'யூமரெல்லா போர்' என்கிறார்கள். நிலத்தையும் உயிரையும் பெருமளவில் இழந்தவர்கள் பூர்வகுடிகள். பிரிட்டிஷ் வருகைக்கு முன் இது யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்ற கருத்தை ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் நிராகரிக்க 1992-ம் ஆண்டு மாபோ தீர்ப்பு வரை ஆனது.

இங்கேதான் கதை சிக்கலாகிறது. அயர்லாந்தில் யாரிடமிருந்து நிலம் பறிபோனதோ, யாருடைய மொழி ஒடுங்கியதோ, அவர்களே இங்கே இன்னொருவரிடமிருந்து பறித்த நிலத்தில் பயிர் வைத்தார்கள். இரண்டையும் செய்தது ஒரே பேரரசு. ஒரே குடும்பம் ஒரு கடற்கரையில் பாதிக்கப்பட்ட தரப்பு, இன்னொரு கடற்கரையில் பயனடைந்த தரப்பு. இதில் ஒன்று உண்மை, மற்றது பொய் என்று இல்லை.

'பாவம், அவங்க என்ன பண்ணுவாங்க?'

நியாயமான கேள்விதான். பசியில் கப்பலேறியவருக்குக் காலனிய நிலக் கொள்கையை மாற்றும் அதிகாரம் கிடையாது. அவருடைய கொள்ளுப்பேத்தியிடம் இன்றைக்குக் கணக்குக் கேட்பதும் சரியல்ல. இரண்டு நாள் சந்தோஷமாக இருக்க வந்தவர்களுக்கு வரலாற்றுப் பாடம் எதற்கு என்றும் கேட்கலாம்.

ஆனால் ஒரு விஷயம். 'பாரம்பரியம்' என்ற சொல்லைப் பயன்படுத்திய நொடியே, கடந்த காலத்துக்கு உரிமை கோருகிறோம். பஞ்சத்தின் துயரம் எங்களுடையது, கஷ்டப்பட்டு முன்னேறிய பெருமை எங்களுடையது, ஆனால் அந்த முன்னேற்றம் யார் நிலத்தில் நடந்தது என்பது மட்டும் எங்களுக்குச் சம்பந்தமில்லாதது என்று சொல்ல முடியாது. எடுத்தால் முழுசாக எடுக்க வேண்டும்.

இதைச் செய்ய முடியும் என்பதற்கு ஐரிஷ் நினைவிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. 1847-ல் அமெரிக்காவின் சாக்டா பழங்குடி மக்கள், தாங்களே சொந்த மண்ணிலிருந்து விரட்டப்பட்டுச் சில ஆண்டுகளே ஆன நிலையில், ஐரிஷ் பஞ்ச நிவாரணத்துக்குப் பணம் திரட்டி அனுப்பினார்கள். பரவலாகச் சொல்லப்படும் தொகை 170 டாலர். அயர்லாந்து அதை மறக்கவில்லை. கார்க் மாவட்டத்தின் மிடில்டன் நகரில் அவர்களுக்கு நினைவுச் சிற்பம் எழுப்பியது. 2020-ல் கொரோனா அமெரிக்கப் பழங்குடிகளான நவஹோ, ஹோபி மக்களைத் தாக்கியபோது, அந்தப் பழைய உதவியை நினைவுகூர்ந்து ஐரிஷ் மக்கள் நிதி அள்ளிக் கொடுத்தார்கள். நிலம் இழந்த வலி தெரிந்த சமூகத்துக்கு, நிலம் இழந்த இன்னொருவரின் குரல் சீக்கிரம் கேட்கும்.

என்ன செய்யலாம்?

பெரிய செலவு எதுவும் தேவையில்லை. ஆஸ்திரேலியாவில் நிகழ்ச்சிகள் தொடங்கும்போது பூர்வகுடிகளை அங்கீகரித்து இரண்டு வரி வாசிப்பது இப்போது பரவலான வழக்கம். அது நல்லது, ஆனால் அதோடு நின்றால் சடங்காகிவிடும். விழாவின் ஒரு மணி நேரத்தை ஊரின் பெயருக்கு உரியவர்களின் கதைக்கு ஒதுக்கலாம். டவர் ஹில் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே பார்வையாளர் மையத்தைப் பல ஆண்டுகள் நடத்தியது வொர்ன் குண்டிஜ் என்ற பூர்வகுடிக் கூட்டுறவு அமைப்புதான். கதை சொல்ல ஆள் இல்லை என்ற சாக்குக்கு இடமில்லை.

டவர் ஹில்லுக்கே ஒரு கதை உண்டு. 1855-ல் ஓய்கன் வான் கேராட் என்ற ஓவியர் அந்த எரிமலைப் பள்ளத்தைச் செடி கொடி வரை நுணுக்கமாக வரைந்தார். அதன் பிறகு மரங்கள் வெட்டப்பட்டன, மாடுகள் மேய்ந்தன, கல் தோண்டினார்கள். 1892-ல் தேசியப் பூங்கா என்று அறிவித்தும் மலை மொட்டையானது. 1960-களில் அதை மீட்கத் தொடங்கியபோது, எங்கே எந்த மரம் இருந்தது என்று தெரிந்துகொள்ள அந்த ஓவியமே வழிகாட்டியது. லட்சக்கணக்கான மரக்கன்றுகள் நடப்பட்டன. இன்று அங்கே ஈமுவும் கோலாவும் திரிகின்றன.

அந்த ஓவியர் அழகாக இருந்ததை மட்டும் வரைந்துவிட்டு மிச்சத்தை விட்டிருந்தால், மீட்பு வேலை இவ்வளவு தூரம் வந்திருக்காது. ஒரு விழாவும் அப்படித்தான். பாதியை விட்டுவிட்டுக் கொண்டாடினால், அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர்வதும் அந்தப் பாதிதான். பாட்டும் ஆட்டமும் பச்சைத் தொப்பியும் இருக்கட்டும். கூடவே, அந்த உருளைக்கிழங்கு யார் மண்ணில் விளைந்தது என்பதையும் கொராய்டின் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும்.