அடி மோவாயில், பூட்டு காதருகே

மாடிப்படியில் உருண்டு விழுந்த நான்கு வயதுக் குழந்தையின் மோவாயில் ரத்தம். பக்கத்து மருத்துவமனையில் மூன்று தையல், ஒரு டி.டி. ஊசி, இனிப்பாக ஒரு மருந்து. பத்து நாளில் காயம் ஆறிவிடும். வீட்டில் எல்லோரும் மறந்தும் போவார்கள். ஓராண்டு கழித்து, பருப்பில் ஊறவைத்த சப்பாத்தியை அதே குழந்தை பல் விழுந்த இடைவெளி வழியே விரலால் தள்ளிச் சாப்பிடும்போதுதான் கலக்கம் பிறக்கும். வாய் திறக்கவில்லை.

இந்தியாவின் பெரிய மருத்துவமனைகளில் முக அறுவைப் பிரிவுகளுக்குப் பழகிப்போன கதை இது. அடி பட்டது மோவாயில்தான். ஆனால் அதன் வேகம் தாடை எலும்பின் வழியே ஏறி, காதுக்கு முன்னால் இருக்கும் மூட்டில் போய் முட்டுகிறது. சிறு குழந்தைகளுக்கு அந்த மூட்டின் குமிழ் மேலே மெல்லிய ஓடு, உள்ளே ரத்தம் நிறைந்த பஞ்சு. அதனால் நொறுங்கிவிடுகிறது. மூட்டுக்குள் கசிந்த ரத்தம் உறைந்து, நாராகி, கடைசியில் எலும்பாகவே இறுக, கீழ்த்தாடை மண்டையோட்டோடு ஒட்டிக்கொள்கிறது. இதற்குப் பெயர் ஆன்கிலோசிஸ்.

தொல்லை சாப்பாட்டோடு நிற்பதில்லை. இறுகிய தாடை வளராமல் சிறுத்துப்போகிறது. நாக்கு பின்னுக்குச் சரிந்து, தூக்கத்தில் மூச்சுப் பாதையை அடைக்கிறது. குறட்டை விட்டால் பிள்ளை நன்றாகத் தூங்குவதாக நினைக்கும் வீடுகள்தான் அதிகம். மயக்க மருந்து நிபுணருக்கும் சோதனைதான்: வாய் திறக்காத குழந்தைக்கு மூக்கு வழியே வளையும் ஒளியிழைக் கருவியைச் செலுத்தித்தான் மூச்சுக்குழலை எட்ட வேண்டும்.

1990-ல் அமெரிக்க மருத்துவர்கள் இதற்கு ஏழு படிகள் கொண்ட சிகிச்சை முறையை வகுத்தார்கள். இறுகிய எலும்பைத் தாராளமாக வெட்டி எடுக்க வேண்டும். அறுவை மேஜையிலேயே வாய் 35 மில்லிமீட்டர் திறந்தாக வேண்டும். விலா எலும்பின் குருத்தெலும்புத் துண்டை வைத்து மூட்டைக் கட்ட வேண்டும். 1999-ல் தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 50 நோயாளிகளின் விவரங்களை வெளியிட்டார்கள். அவர்கள் கையாண்டது எளிய வழி: எலும்பை வெட்டி இடைவெளி உண்டாக்குவது, பிறகு விடாத வாய்ப் பயிற்சி. மூச்சு முட்டும் குழந்தைகளுக்கு முதலில் தாடையை அறுத்து, திருகு கருவியால் நாளுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டராக நீட்டிவிட்டு, மூட்டைப் பிறகு விடுவிக்கும் முறையும் அங்கே பின்னர் கையாளப்பட்டது. மூச்சுக்குத்தான் முதலிடம் என்ற கணக்கு நியாயமானதே.

மூட்டு முறிந்தவுடனேயே பிளேட் வைத்துச் சரிசெய்தால் என்ன? பெரியவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஜெர்மனியின் டிரெஸ்டன் மருத்துவர்கள் முன்னின்று ஏழு மையங்களில் 66 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2006-ல் வெளியானது. அறுவையோ, அறுக்காத சிகிச்சையோ, இரண்டுமே ஏற்கத்தக்க பலன் தந்தன; ஆனால் வாய் திறப்பதிலும் வலியிலும் அறுவைக்கே வெற்றி. குழந்தைகளுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அவர்களின் எலும்பு தானே உருத்திருந்தும் திறன் கொண்டது. முகத்தை அசைக்கும் நரம்போ கத்திக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. எனவே பெரும்பாலும் கத்தி வேண்டாம் என்பார்கள். ஆனால் பெரியவர்களைப் போலப் பல வாரம் பற்களைக் கம்பியால் கட்டிவைப்பதும் ஆபத்து. அசையாத மூட்டு இறுகும். சில நாள் ஓய்வு, பிறகு அசைவு.

மோவாயில் தையல் போடும் கையோடு காதுக்கு முன்னால் அழுத்திப் பார்க்கவும், சந்தேகம் வந்தால் ஸ்கேன் எடுக்கவும் அதிக நேரம் ஆகாது. அடுத்த மாதங்களில் வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு: குழந்தையின் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அதன் வாய்க்குள் நுழைக்க முடிகிறதா? வாரத்துக்கு வாரம் இடைவெளி குறைந்தால் காத்திருக்கக் கூடாது.

அறுவைக்குப் பிறகு வரும் மாதங்கள் அறுவையைவிடக் கடினம். ஐஸ்குச்சிகளை அடுக்கிப் பல்லிடுக்கில் செருகி, நாளுக்குப் பல முறை, குச்சிக்கு மேல் குச்சியாகக் கூட்ட வேண்டும். வலிக்கும், பிள்ளை அழும். அம்மா மனமிளகிச் சில வாரம் குச்சியை ஒளித்துவைத்தால், வெட்டிய இடத்தில் எலும்பு திரும்பவும் வளரத் தொடங்கிவிடும்.