போப் என்ன சொன்னார்?

'கிறித்துவத்துக்குள்ள சாதியை வச்சிக்கலாம்னு போப்பே ஆணை போட்டிருக்கார்.' செங்கல்பட்டு, திருப்போரூர், மாமல்லபுரம் பக்கத்துக் கூட்டங்களில் இந்த வரி அடிக்கடி காதில் விழும். எந்தப் போப், எந்த வருஷம் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். எதிரில் இருப்பவர் 'ஆதாரம் எங்கேப்பா?' என்றால் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. அந்த ஆதாரத்தைத் தேடிப் போனேன்.

அச்சில் கிடைக்கிற வாக்கியம் இது: பதினைந்தாம் கிரகோரி, இந்தியத் திருச்சபைகளில் சாதி ஒழுங்குகளை அங்கீகரித்து ஆணை வெளியிட்டார். பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தைச் சாட்சிக்கு இழுத்து, ஒருவர் எழுதியதை இன்னொருவர் எடுத்து எழுத, புத்தகம் புத்தகமாகச் சுற்றி வருகிறது. அந்த ஆணைக்குப் பெயருமில்லை, தேதியுமில்லை.

பெயரும் தேதியும் இருக்கின்றன. 1623 ஜனவரி 31இல் வெளிவந்த அந்த ஆணையின் லத்தீன் பெயர் 'ரோமானே செடிஸ் அந்திஸ்தெஸ்'. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, பார்ப்பனச் சன்னியாசி கோலத்தில் மதம் பரப்பினார். மதம் மாறியவர்கள் பூணூல், குடுமியோடு இருக்கலாமா என்ற வழக்கு கோவாவுக்கும் ரோமுக்கும் போனது. போப் தீர்ப்புச் சொன்னார்: பூணூல் போடலாம், குடுமி வைக்கலாம், சந்தனம் பூசலாம், உடம்புச் சுத்தத்துக்குக் குளிக்கலாம். மூடநம்பிக்கை மட்டும் கலக்கக் கூடாது. மனிதரின் பலவீனத்துக்கு இரங்கி, ரோம் மறுபடி யோசிக்கும்வரை இந்த அனுமதியாம்.

'சாதி விதிகளுக்கு அனுமதி' என்று மொத்தமாக அதில் எழுதவில்லை. ஆனால் பூணூலும் குடுமியும் எதன் அடையாளம் என்று சொல்லியிருக்கிறது. அவரவர் சமூக நிலைக்கும் உயர்குடிப் பிறப்புக்கும் பதவிக்கும் அடையாளமாம்! அதாவது, இது மதமல்ல, வெறும் சமூக வழக்கம். நம்முடைய பேச்சாளர் சொல்வதை விட மூலம் பெரிய சாட்சி. உயர்ந்தவனின் அடையாளம் கோயிலுக்குள் வந்தால், தாழ்ந்தவன் யார் என்ற கணக்கும் கூடவே உள்ளே வராமல் எங்கே போகும்?

வந்தது. 1704இல் புதுச்சேரியில் போப்பின் தூதர் தூர்னோன் ஓர் உத்தரவு போட வேண்டியிருந்தது: நோயில் கிடக்கும் பறையர்களின் வீட்டுக்கே குருக்கள் போய் அருட்சாதனம் கொடுக்க வேண்டும். உத்தரவு போடும் அளவுக்கு, போகாமல் இருந்திருக்கிறார்கள். 1744இல் பதினான்காம் பெனடிக்ட் காலத்தில் கண்ட தீர்வு என்ன? பறையர்களுக்கென்று தனிக் குருக்கள்! சேரிக்குத் தனிச் சாமியார். கல்லறைகளின் நடுவே பிற்பாடு எழும்பிய சுவர்களுக்கு அஸ்திவாரம் இங்கேதான் கிடக்கிறது.

இன்னொரு பக்கம் அரசு. 'கிறித்துவத்தில் சாதி ஏது?' என்று 1950 குடியரசுத் தலைவர் ஆணை நம்மைப் பட்டியலுக்கு வெளியே தள்ளியது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். தலித் கிறித்துவருக்குக் கதவு திறக்கவில்லை. சென்னையில் செருப்புத் தைத்துப் பிழைத்த சூசை வழக்குப் போட்டார். மதம் மாறிய பிறகும் அதே கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 1985இல் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. திருச்சபை சாதியைச் 'சமூக வழக்கம்' என்று உள்ளே விட்டது. அரசு 'அந்த மதத்திலேயே அது இல்லை' என்று கணக்கை மூடியது. இரண்டுக்கும் நடுவில் நசுங்குகிறவன் தலித் கிறித்துவன்.

மறுபக்கத்துச் சொற்களையும் தேதியோடு வைத்துக்கொள்வோம். சாதி கிறித்துவத்துக்கே மறுப்பு என்று இந்திய ஆயர்கள் 1982இல் திருச்சியில் அறிவித்தார்கள். 2003 நவம்பரில் தமிழக ஆயர்களிடம் இரண்டாம் ஜான்பால் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்தார். மேடையில் இதை எடுத்துச் சொல்லும் சாமியார்களிடம், உங்க பங்கில என்ன நடக்குதுன்னு கேட்க நமக்கு உரிமை உண்டு.

காகிதத்தின் அருமை செங்கல்பட்டுக்காரனுக்குப் புதிதல்ல. இந்த மாவட்டத்துப் பறையர் நிலைமை பற்றிக் கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையும், அதைத் தொடர்ந்து வந்த 1892 அரசாணையும் இல்லையென்றால் பஞ்சமி நிலம் என்ற பேச்சே இல்லை. அந்தப் பழைய காகிதத்தைத் தேடி எடுத்ததால்தான் மாமல்லபுரத்துக்கு அருகே காரணையில், 'இது எங்க நிலம்' என்று நிமிர்ந்து சொல்ல முடிந்தது. 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் உயிர் கொடுத்தவர்கள் ஜான் தாமஸ், ஏழுமலை. இரண்டு பெயரையும் சேர்த்து வாசியுங்கள். குண்டு மதம் கேட்டுப் பாயவில்லை.

மாணவத் தோழர்களே, லத்தீன் தெரியாதே என்று மலைக்க வேண்டாம். உங்கள் ஊர்ப் பங்குப் பதிவேட்டில் ஞானஸ்நானக் கணக்கு எப்படி எழுதியிருக்கிறது, கல்லறையில் யாருக்கு எந்த மூலை, திருவிழாத் தேர் எந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறது என்று பார்த்து எழுதுங்கள். ஊர், வருஷம், பக்க எண் எல்லாம் போடுங்கள். நீதிமன்றம் கேட்ட ஆதாரம் நம் தெருவில்தான் கிடக்கிறது. அதை நாம்தான் பொறுக்கி எடுக்க வேண்டும்.