வரைபடம் போடும் முன்பே கூப்பிடுங்கள்

வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் கலக்கும் முகத்துவாரங்களுக்கு நடுவே இருக்கிறது பிச்சாவரம் அலையாத்திக் காடு. 2022இல் ராம்சார் தகுதி கிடைத்தது. பாதுகாப்பு, சுற்றுலா என்று திட்டம் எது வந்தாலும் ஒரு கேள்வி முன்னால் நிற்கும்: யாரைக் கேட்டு?

சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துப் பறியில் போட்டுப் பிழைப்பவர்கள் இங்குள்ள இருளர்கள். எந்த வாய்க்கால் தூர்ந்தது என்பது அவர்கள் கால்களுக்குத்தான் முதலில் தெரியும். முடித்துவைத்த வரைபடத்தைக் காட்டிக் கருத்துக் கேட்பது கலந்தாலோசனை ஆகாது. அது வெறும் அறிவிப்பு.

வனப்பகுதி நீர்நிலைகளில் மீன்பிடிப்பதைச் சமூக உரிமையாக ஏற்கிறது 2006 வன உரிமைச் சட்டம். கோரிக்கையைப் பெற்றுத் தீர்மானிக்கும் முதல் அதிகாரம் கிராம சபைக்கு. அச்சட்டத்தின்படி வயது வந்த எல்லோரும் அந்தச் சபை. பெண்களின் முழுப் பங்கேற்பும் கட்டாயம். ஆக, இது யாரும் போடும் பிச்சையல்ல.

கூட்டத்தை இருளர் குடியிருப்பிலேயே வையுங்கள். தொழிலுக்குப் போகாத நேரம் பார்த்து வையுங்கள்; ஒருநாள் கூலியை இழந்து எவரும் வர முடியாது. வரைபடம் தமிழில் இருக்கட்டும்.

மாணவர்களே, பெரியவர்களோடு உட்கார்ந்து ஒவ்வொரு வாய்க்காலின் பெயரையும் எழுதி வையுங்கள். பெயர் ஏறாத வாய்க்காலில் உரிமை கேட்பது கடினம்.